நேத்துப் பூ

ரூபியின் கால்கள் மறுபடியும் தப்பு செய்துவிட்டன.

பள்ளிக்கூடத்தை விட்டுக் கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு வடைக்கடை வரும். அங்கே சாலை இரண்டாகப் பிரியும். வலது பக்கம் போனால் பஸ் நிறுத்தம். பஸ் ஏறினால் அகரம் பக்கத்தில் புது வீடு. இடது பக்கம் போனால் பழைய தெரு.

ரூபி வலது பக்கம் திரும்பத்தான் நினைத்தாள். அப்போது பார்த்துக் காற்று அடித்தது. காற்றில் தோல் பதனிடும் வாசனை. வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொள்ளும் வாசனை அது. ரூபிக்கு அப்படி இல்லை. அந்த வாசனைக்கு நடுவில்தான் அவள் தவழ்ந்தாள், நடந்தாள், சைக்கிள் பழகினாள். அதன் பின்னாலேயே பிரியாணிக் கடையில் தம் உடைக்கும் வாசனை வந்தது. அதற்கும் பின்னால், மெல்லிசாக, மாலையில் விரிகிற மல்லிகை.

அவ்வளவுதான். நினைவு வந்து பார்த்தபோது ரூபி பழைய வீட்டின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

கோடை விடுமுறை வரைக்கும் அது அவர்கள் வீடு. இப்போது யாரோ குடியிருந்தார்கள். பச்சைக் கதவுக்கு நீல வண்ணம் அடித்திருந்தார்கள். கொடியில் யாருடைய சட்டையோ ஆடியது. வாசல்படியின் உடைந்த மூலை மட்டும் அப்படியே இருந்தது. புளியங்கொட்டையை வைத்து உடைத்து உடைத்து அதை அப்படி ஆக்கியது ரூபிதான். அந்த மூலை இன்னும் தன்னுடையதுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

"மறுபடியுமாடி?" என்று பக்கத்து வீட்டு வாசலிலிருந்து ஒரு குரல். பாஸிலா. ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. இவ்வளவு நாளும் ஒரே சுவர்.

"நான் வரலடி. கால் வந்துருச்சு."

"கால் மட்டும் வந்துச்சா? மிச்சத்தை எங்க விட்டுட்டு வந்த?"

பாஸிலாவின் அம்மா சர்புன்னிசா பூக்கட்டிக்கொண்டிருந்தார். ரூபியைப் பார்த்ததும் நாரை வாயில் கடித்துக்கொண்டே சிரித்தார். "வாம்மா. செத்த நேரம் உக்காரு. மொதல்ல உங்க அம்மாவுக்கு ஒரு போன் போட்டுடுறேன். பாவம், தேடுவாங்கல்ல?"

போன் பேசிவிட்டு, கட்டிய சரத்தை இரண்டாக நறுக்கி ஆளுக்குக் கொஞ்சம் தலையில் வைத்துவிட்டார். முன்பெல்லாம் தினமும் சாயங்காலம் இப்படித்தான். பூ வைத்ததும் இரண்டு பேரும் ஒரு விளையாட்டு விளையாடுவார்கள்.

"என் பூ மணக்குதா?" என்று ரூபி கேட்டாள்.

"உன் பூ கும்முனு மணக்குது. என் பூ?"

"உன்னுதும்தான். என்னுதுதான் எனக்குத் தெரியல."

"தலையில வச்ச பூ வச்சவங்களுக்கு மணக்காதுடி. கூட வர்றவங்களுக்குத்தான்" என்றாள் பாஸிலா. இதை அவள் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள்.

ரூபியின் அப்பா ஞானராஜ் ஸ்கூட்டரில் வந்தார். அவர் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபிறகு அப்பா சொன்னார். "இங்கேயே ஒரு ஸ்கூல் இருக்கு. நடந்தே போயிரலாம். அரையாண்டு லீவு முடிஞ்சதும் அங்க சேத்துருவோம்."

"அவ வேணும்னு செய்யலங்க" என்றார் அம்மா கிளாரா.

"வேணும்னு செஞ்சாத் திட்டலாம். வேணும்னு செய்யலைன்னா என்ன செய்யிறது? அந்த ரோட்டுல லாரி என்ன வேகத்துல வருது!"

"அப்பா, வேண்டாம்ப்பா! பாஸிலா அந்த ஸ்கூல்லதானே இருக்கா!"

அப்பா ஸ்கூட்டர் சாவியை ஆணியில் மாட்டினார். "சரி. இனிமே வழி மாறாம வீட்டுக்கு வா, பாப்போம். இன்னொரு தடவை மாறினா ஸ்கூலை மாத்திருவேன்."

புது வீட்டில் எல்லாமே பளபளவென்று இருந்தன. பாத்ரூம் குழாய்கூட மின்னியது. ஆனால் வாசனை மட்டும் இல்லை. இருந்தது பெயிண்ட் வாசனைதான்.

"ஜன்னலைத் தொறந்து வையேன். தோட்டத்துக் காத்து எம்புட்டு நல்லா வருது" என்றார் அம்மா.

ரூபி திறக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பாஸிலா இல்லை. தட்டினால் யாரும் திருப்பித் தட்ட மாட்டார்கள்.

*

மறுநாள் ரோசலின் டீச்சர் அறிவியல் கண்காட்சிக்குக் குழு பிரித்தார். ரூபி, பாஸிலா, ஆண்டனிராஜ் மூவரும் ஒரு குழு. ஆண்டனிராஜ் எதைக் கேட்டாலும் சாப்பாட்டில் கொண்டுபோய் முடிக்கிறவன்.

"உங்களுக்கு நரம்பு" என்று டீச்சர் ஒரு புத்தகத்தைப் பிரித்து வாசித்துச் சொன்னார். "குழந்தை அம்மா வயித்துல வளரும்போது, நரம்பு செல் ஒண்ணு நூல் மாதிரி ஒரு இழையை நீட்டும். அது ரொம்ப தூரம் போய் சரியான இடத்துல சேரணும். அதோட நுனி, விரல் விரிச்ச கை மாதிரி தடவித் தடவிப் போகும்."

"அதுக்குக் கண்ணு இருக்கா டீச்சர்?" என்றாள் பாஸிலா.

"இல்லை."

"மேப்பு?"

"அதுவும் இல்லை. வழியில சில பொருள் இருக்கும். சிலது 'வா'ன்னு இழுக்கும். சிலது 'இந்தப் பக்கம் வராதே'ன்னு தள்ளும். வாசனை பிடிச்சுப் போற மாதிரின்னு வச்சுக்கோங்க."

ரூபி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"டீச்சர், நடுவுல பிரியாணிக் கடை இருந்தா?" என்றான் ஆண்டனிராஜ்.

வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. "சரியாத்தான் கேக்குறே. முதுகுத் தண்டுல வளர்ற சில இழைகளுக்கு நடுவுல ஒரு இடம் இருக்கு. அது ரொம்ப பலமா 'வா வா'ன்னு கூப்பிடும். இழை அங்க போகும். ஆனா அங்கேயே தங்காது. அதைத் தாண்டி மறுபக்கம் போய், மேல மூளையைப் பார்க்கத் திரும்பிரும்."

புத்தகத்தைப் பார்த்துப் படம் வரைவதைவிட, நடந்தே காட்டலாம் என்றாள் ரூபி. ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு நரம்பு நுனியாக நடக்க வேண்டும். வழிகாட்டுவது வாசனை மட்டும். தள்ளிவிடுவதற்குக் கருவாடு. நடுவில் இழுப்பதற்கு மல்லிகை.

"மூளைக்கும் ஒரு வாசம் வேணுமே. உங்க புது வீட்டுப் பக்கம் என்ன வாசம்?" என்று பாஸிலா கேட்டாள்.

"எங்க வீட்டுப் பக்கம் வாசமே கிடையாது" என்றாள் ரூபி.

ஆனால் அதை வீட்டில் சொன்னபோது அம்மா பக்கத்துத் தோட்டத்துக்குப் போனார். அங்கே கொத்தமல்லி போட்டிருந்த தங்கமுத்து அண்ணனிடம் கேட்டு ஒரு கட்டு வாங்கி வந்தார். "இதைக் கொண்டு போ. போதும்."

*

பள்ளி முடிந்த பிறகு, வேப்பமரத்தடியில் ஒத்திகை நடந்தது.

முதலில் ஆண்டனிராஜ்தான் கண்ணைக் கட்டிக்கொண்டான். கிளம்பும் இடத்தில் கருவாடு இருந்தது. அதை விட்டு விலகி அவன் முன்னால் போக வேண்டும். அவனோ நேராகக் கருவாட்டுத் தட்டின் முன்னால் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"ஏய்! அது உன்னையத் தள்ளணும்!" என்று கத்தினாள் பாஸிலா.

"என்னைய அது 'வா வா'ங்குது. எங்கம்மா சோத்துக்குத் தொட்டுக்க வெஞ்சனம் வைக்கிற வாசம்!"

"எல்லா நுனிக்கும் ஒரே மூக்கு இல்லை போல" என்று சொல்லி ரூபி துணியை வாங்கித் தன் கண்ணில் கட்டிக்கொண்டாள்.

கருவாடு அவளைத் தள்ளியது. மூக்கைச் சுளித்துக்கொண்டு வேகமாக விலகினாள். கொஞ்ச தூரத்திலேயே மல்லிகை வந்துவிட்டது. பாஸிலா கையில் அவள் அம்மா கட்டிக் கொடுத்த சரம், சாயங்கால வெயிலில் நன்றாக விரிந்திருந்தது. ரூபி தடுமாறாமல் அவளிடம் போய்ச் சேர்ந்தாள்.

அங்கேயே நின்றாள்.

"இப்ப என்னையத் தாண்டிப் போடி. அந்தப் பக்கம் ஆண்டனி கொத்தமல்லியோட நிக்கிறான்."

ரூபி தாண்டிப் போனாள். மல்லிகை பின்னாலிருந்து இழுத்தது. அரைவட்டம் அடித்து மறுபடி பாஸிலாவிடமே வந்துவிட்டாள். இன்னொரு முறை செய்து பார்த்தார்கள். மறுபடியும் அதேதான்.

"கொத்தமல்லி வாசம் உனக்கு வரவே இல்லையா?" என்றான் ஆண்டனிராஜ். "நான் எம்புட்டு நேரம் ஆட்டிக்கிட்டு நிக்கிறது? மூளைக்குக் கை வலிக்குது."

"வரல" என்றாள் ரூபி. பொய் இல்லை. உண்மையாகவே வரவில்லை.

மூவரும் டீச்சரிடம் போனார்கள். "நிஜ நுனி எப்படி டீச்சர் அதை விட்டுட்டுப் போகுது?"

"நடுவைத் தாண்டினதும் அந்த நுனியே மாறிரும். அதுவரைக்கும் இழுத்த இடமே அப்புறம் தள்ளும். அதுவரைக்கும் தெரியாத வேற அழைப்பு அப்பத்தான் தெரியும்."

ரூபி ஓரடி முன்னால் வந்தாள். "அப்ப அது பழைய இடத்தை மறந்துருமா டீச்சர்?"

ரோசலின் டீச்சர் புத்தகத்தைப் பார்த்தார். பிறகு ரூபியைப் பார்த்தார். "மறக்குமான்னு இதுல போடலம்மா. மேல போகும்னு மட்டும்தான் போட்டிருக்கு."

திரும்பி வரும்போது பாஸிலா மெதுவாகக் கேட்டாள். "அப்ப நான் உன்னைய 'போ'ன்னு தள்ளணுமாடி?"

வடைக்கடை வந்தது. ரூபி மூச்சை அடக்கிக்கொண்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு வலது பக்கம் ஓடினாள். அந்த வாரம் முழுக்க அப்படித்தான் ஓடினாள். வடை போடுகிறவர் தன் எண்ணெய்தான் கெட்டுவிட்டதோ என்று சட்டியை முகர்ந்து பார்த்தார்.

*

கண்காட்சி காலையில் தொடங்கியது. மைதானம் நிறைய அப்பா அம்மாக்கள். ஞானராஜும் கிளாராவும் வந்திருந்தார்கள். பாஸிலா அத்தா என்று கூப்பிடும் அவள் அப்பா காலையிலேயே பூ மார்க்கெட்டுக்குப் போய்ப் புதுச்சரம் வாங்கிக் கொடுத்திருந்தார். முத்து முத்தாக, வெள்ளை வெளேரென்று இருந்தது.

ரூபி கண்ணைக் கட்டிக்கொண்டாள். கருவாடு தள்ளியது. விலகினாள். அடுத்து மல்லிகை வர வேண்டும்.

வரவில்லை.

மூக்கை இந்தப் பக்கம் நீட்டினாள், அந்தப் பக்கம் நீட்டினாள். ஒன்றும் இல்லை. கூட்டம் காத்திருந்தது. அப்போது வாசல் பக்கமிருந்து காற்று வந்தது. அதில் அந்த வாசனை இருந்தது. தோல் வாசனை.

கால்கள் திரும்பின.

"ஏய், நரம்பு வெளிய போகுதுடோய்!" என்று யாரோ கத்தினார்கள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. ரூபி நடந்துகொண்டே இருந்தாள். ஒரு கை அவள் தோளைப் பிடித்தது.

"எங்க தாயி போற?"

துணியை விலக்கினாள். அப்பா. அவர்கள் பள்ளிக்கூட வாசலில் நின்றார்கள். எதிரே பழைய தெருவுக்குப் போகும் சாலை. காற்று மறுபடி வந்தது. அப்பாவும் அதை முகர்ந்தார். அவர் முகம் மாறியது.

"இந்த வாசமா?" என்றார்.

ரூபி தலையாட்டினாள். "இதுவும் வழி மாறினதுதானாப்பா? ஸ்கூலை மாத்திருவீங்களா?"

அப்பாவும் அந்தச் சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "இது ஸ்கூல் கேட்டுக்குள்ளதானே. கணக்குல சேத்தி இல்லை" என்றார் கடைசியில். "போ. மொதல்ல நரம்பைக் கொண்டு போய் மூளையில சேரு."

ரூபி ஓடிவந்து பாஸிலாவின் கையிலிருந்த பூவை முகர்ந்தாள். "இது மணக்கலடி!"

"இப்ப பறிச்ச பூவுடி. அத்தா பாத்துப் பாத்து வாங்கினாங்க."

"அதான். மொட்டு! இது சாயங்காலந்தான் விரியும். நாம ஒத்திகை பாத்ததெல்லாம் சாயங்காலம்."

"அப்ப சாயங்காலம் வரைக்கும் நிக்கணுமா?" என்றான் ஆண்டனிராஜ். "மூளை காலையில சாப்பிடக்கூட இல்லை."

பாஸிலாவின் கண்ணில் நீர் கட்டிவிட்டது. ரூபி அவள் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். பள்ளிக்கூடத்து ஆயா கருப்பம்மாள் குடிதண்ணீர்க் குடத்தோடு அவர்களைக் கடந்து போனார்.

மல்லிகை மணத்தது!

கொண்டையில் நேற்று வைத்த பூ. ஓரம் பழுத்து, வாடி, துவண்டு போயிருந்தது. ஆனாலும் மணத்தது.

"ஆயா! ஆயா! உங்க பூவைத் தர்றீங்களா?"

"இதுவா கண்ணு? இது நேத்துப் பூவு. தூரப் போடணும்னு நெனச்சேன்."

"வேண்டாம் ஆயா, போடாதீங்க. எங்களுக்கு நேத்துப் பூதான் வேணும். அதுக்குப் பதிலா இந்தாங்க, புதுப் பூ. சாயங்காலம் நல்லா விரியும்."

"இம்புட்டுமா எனக்கு?" கருப்பம்மாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே கொண்டையை அவிழ்த்தார்.

ரூபி மறுபடி கண்ணைக் கட்டிக்கொண்டாள்.

கருவாடு தள்ளியது. நேத்துப் பூ கூப்பிட்டது. ரூபி நடந்து நடந்து பாஸிலாவின் முன்னால் வந்து நின்றாள். இருட்டுக்குள் அந்த வாசனை மட்டும் இருந்தது. அதற்குள் பச்சைக் கதவு இருந்தது. வாசல்படியின் உடைந்த மூலை, சர்புன்னிசாவின் வாயில் நார், சுவரில் தட்டினால் திருப்பித் தட்டும் சத்தம் எல்லாம் இருந்தன. இங்கேயே நின்றுவிடலாம் போலிருந்தது.

'போ'ன்னு தள்ளணுமாடி என்று பாஸிலா கேட்டது ஞாபகம் வந்தது. தள்ள வேண்டாம். வேறு வழி இருக்கிறது. அவர்களுடைய விளையாட்டிலேயே இருக்கிறது!

"பாஸிலா" என்று கிசுகிசுத்தாள். "பூவை என் தலையில வச்சு விடுடி."

"ஒத்திகையில இது இல்லையேடி?"

"வை, சொல்றேன்."

பாஸிலாவின் விரல்கள் பின்னலில் பூவைச் செருகின. முதலில் வாசனை எல்லாப் பக்கமும் பரவியது. முன்னால் இல்லை, பின்னால் இல்லை, எங்கும் இருந்தது. எங்கும் இருப்பதைத் தேடி எந்தப் பக்கம் போவது? ரூபி மெதுவாக மூச்சு விட்டாள். கொஞ்ச நேரத்தில் அந்த வாசனை தெரியாமலே போனது. பின்னலில் பூவின் கனம் மட்டும் இருந்தது.

அப்போதுதான் இன்னொன்று வந்தது. பச்சையாக, கூர்மையாக, ஈரமண்ணோடு.

ரூபிக்கு ஆச்சரியமாக இருந்தது. இந்த வாசனை அவளுக்குத் தெரியும்! காலையில் அம்மா ஜன்னலைத் திறக்கும்போது வருவது. தோட்டத்து வரப்பில் நடந்துவரும் அப்பாவின் சட்டையில் இருப்பது. பஸ்ஸை விட்டு இறங்கும்போது முகத்தில் மோதுவது. இத்தனை மாதமாக அது கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

ரூபி திரும்பினாள். நேராக, ஓரடிகூட விலகாமல் நடந்தாள். கொத்தமல்லி இலை அவள் மூக்கில் உரசியது.

"மூளை பேசுகிறேன்" என்றான் ஆண்டனிராஜ் கம்பீரமாக. "வாங்க, வாங்க! சாப்பாடு ஏதாவது கொண்டு வந்தீங்களா?"

எல்லோரும் கை தட்டினார்கள். முன்னால் நின்ற குட்டிப் பையன் ஒருவன் கேட்டான். "அக்கா, நிஜ நரம்பும் பூ வச்சுக்குமா?"

"இல்லை தம்பி" என்றாள் பாஸிலா. "நிஜ நரம்பு தன்னையே மாத்திக்கும். எங்களுக்கு அது வரல. அதான் பூ வச்சோம்."

*

"வா, ஸ்கூட்டர்லயே போயிரலாம்" என்றார் அப்பா.

"நீங்க போங்கப்பா. நான் பஸ்லயே வாரேன்."

அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஸ்கூட்டர் தயங்கித் தயங்கிக் கிளம்பியது.

வடைக்கடையில் இரண்டு தோழிகளும் நின்றார்கள். காற்று வழக்கம்போல இடது பக்கமிருந்து வந்தது. இன்றைக்கு ரூபி மூக்கைப் பிடிக்கவில்லை. மூச்சை நன்றாக இழுத்தாள். தோல் வாசனை, பிரியாணி வாசனை, எல்லாம் அங்கேயே இருந்தன.

"சனிக்கிழமை எங்க வீட்டுக்கு வருவேல்ல?" என்றாள் பாஸிலா.

"கால் வராது. நானே வருவேன்."

பாஸிலா இடது பக்கம் போனாள். ரூபி வலது பக்கம் போனாள்.

பஸ்ஸில் பின் சீட்டு அக்கா குனிந்து கேட்டார். "பாப்பா, உன் பூவா இம்புட்டு மணக்குது?"

"மணக்குதா அக்கா?" ரூபி பின்னலைத் தொட்டுப் பார்த்தாள். "நேத்துப் பூ!"

ஊர் தாண்டியதும் ஜன்னல் வழியே பச்சை வாசனை வந்தது. கண்டக்டர் விசில் ஊதும்போது ரூபி படிக்கட்டுக்குப் பக்கத்தில் தயாராக நின்றாள்.

நிறுத்தத்தில் அப்பா நின்றிருந்தார்.

"நான் சும்மா டீ குடிக்க வந்தேன்" என்றார்.

அந்த நிறுத்தத்தில் டீக்கடையே கிடையாது. ரூபி சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் கையைப் பிடித்தாள்.

"அந்தப் பக்கத்து ஸ்கூலு..." என்று தொடங்கிய அப்பா, சுற்றிலும் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். "அது இருந்துட்டுப் போகட்டும். ஆமா, ஏதோ மல்லிப்பூ மணக்குதே?"

"எனக்குத் தெரியலப்பா" என்றாள் ரூபி. "எனக்குக் கொத்தமல்லிதான் மணக்குது."